ரொட்டிப் படகு வராத நாட்கள்: அப்பாவோடு கப்ரேரா

முதல் நாள்

நேற்று ராத்திரி பார்சலோனாவில் கப்பல் ஏறி, இன்று விடியும் நேரத்தில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உள்ள பால்மா துறைமுகத்தில் இறங்கினோம். நானும் அப்பாவும் மட்டும். அப்பா குடிநீர் வடிகால் வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர், ராமநாதபுரம் கடலோரத்துக்காரர். அம்மா போன பிறகு முதல் தடவையாக என்னிடம் வந்திருக்கிறார். "எங்கப்பா போகலாம்?" என்று கேட்டேன். "கூட்டம் இல்லாத இடமாப் பாரு தாயி" என்றார்.

மயோர்க்கா பக்கம் கூட்டம் இல்லாத இடம் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. கப்ரேரா. மயோர்க்காவின் தென்கோடி முனையிலிருந்து 10 கிலோமீட்டர் போலத் தள்ளி, 19 தீவுகளும் பாறைத்திட்டுகளுமாகக் கிடக்கும் சின்னக் கூட்டம். 1991-ல் ஸ்பெயின் அரசு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலத்தை மட்டுமல்ல, சுற்றியுள்ள கடலையும் சேர்த்து. அப்போது மொத்தம் சுமார் 10,000 ஹெக்டேர். 2019-ல் எல்லையை விரித்து ஏறக்குறைய 90,800 ஹெக்டேர் ஆக்கினார்கள். அப்படிக் கூடியது கடல்தான். தீவில் ஊர் கிடையாது, கடைத்தெரு கிடையாது. ஒரு சிறு படகுத்துறை, ஒரு உணவகம், பழைய ராணுவக் குடியிருப்பைச் சீர்செய்து நடத்தும் ஒரு தங்குமிடம். அந்தத் தங்குமிடத்தில் மொத்தமே 12 அறைகள், 24 பேர். நாளை இரவுக்கு ஒரு அறை வாங்கி வைத்திருக்கிறேன்.

பால்மாவிலிருந்து தெற்கே கொலோனியா தெ சான்ட் ஜோர்டி வரை பஸ். வழியெல்லாம் சமவெளி, வாதுமை மரங்கள், சிவந்த மண். பால்மாவை விட்டு வெளியே வந்ததும் வயல்களுக்கு நடுவே பழைய காற்றாலைகள் நிற்கின்றன. சிலதில் இறக்கை இருக்கிறது, பலதில் இல்லை. மாவு அரைக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா கண்ணாடிக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணி இறைக்கிறது, கீழ கிணறு இருக்கு பாரு" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

சாயங்காலம் கொலோனியாவின் துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்தோம். தெற்கே, கடல் முடியும் இடத்தில், சாம்பல் நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. அதுதான். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று கொஞ்சம் கூடியிருக்கிறது.

இரண்டாம் நாள்

இன்று படகு போகவில்லை.

காலை ஏழு மணிக்கே போனில் செய்தி வந்துவிட்டது. கிழக்குக் காற்று பலமாக இருக்கிறது, இன்று எந்தப் படகும் இல்லை, நாளை பார்க்கலாம். ராத்திரி முழுக்க ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்ததில் எனக்குப் பாதி தெரிந்துதான் இருந்தது. தங்குமிடத்துக்குப் போன் செய்தேன். நாளைக்கு ஒரு அறை காலியாக இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். செப்டம்பர் கடைசி என்பதால் பிழைத்தோம், ஆகஸ்டில் நடந்திருக்காது.

சரி, நடக்கலாம் என்று கடற்கரைப் பக்கம் போனோம். ஓரிடத்தில் மணலே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஏதோ குவிந்து, அலை வந்து அடிக்கும்போதெல்லாம் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. "குப்பைய அள்ளாம விட்டுட்டாங்களே" என்றார் அப்பா. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நான் கீழே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினேன்.

நாடா மாதிரி நீண்ட இலைகள். ஒரு விரல் அகலம். காய்ந்தது கையில் எடுத்தால் கிலுகிலுவென்று சத்தம் போடுகிறது, நறுக்கிய பனையோலை மாதிரி. ஈரமாக இருப்பது கருத்து, தோல்போல வழுக்குகிறது. நடுநடுவே தேங்காய் நாரை உருட்டி வைத்தாற்போல உருண்டைகள், எலுமிச்சை அளவிலும் அதைவிடச் சின்னதாகவும். அடித்தண்டின் நாரை அலை உருட்டி உருட்டிச் செய்த பந்துகள் அவை. இந்தச் செடிக்குப் பெயர் பொசிடோனியா.

பலரும் இதைப் பாசி என்கிறார்கள். இங்குள்ளவர்களே பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு வேர் உண்டு, தண்டு உண்டு, பூத்துக் காய்க்கவும் செய்யும். நிலத்தில் இருந்துவிட்டுக் கடலுக்கே திரும்பிப் போன பூச்செடிக் குலத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் கிடையாது. தண்ணீர் தெளிவாக இருந்தால் 40 மீட்டர் ஆழம்வரைகூடப் புல்வெளியாகப் படரும். மீன்கள் குஞ்சு வளர்ப்பது அதற்குள்தான். மணலைப் பிடித்து வைப்பதும், அலையின் வேகத்தைத் தணிப்பதும் அதுதான். உதிர்ந்து கரையில் குவிந்த பிறகும் அதன் வேலை முடிவதில்லை. குளிர்காலப் புயல் மணலை அரித்துக்கொண்டு போகாமல் இந்தக் குவியல்தான் மறிக்கிறது. அள்ளிவிட்டால் கரையும் கூடவே போய்விடும்.

அதன் தண்டு படர்வது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஒரு உல்லாசப் படகு வீசும் நங்கூரம், இழுபடும் சங்கிலி, ஒரு மத்தியானத்தில் பிய்த்துப்போடும் புல்வெளி திரும்பி வளர எத்தனை தலைமுறை ஆகும் என்று கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. மயோர்க்காவும் கப்ரேராவும் சேர்ந்த பலேயாரிக் தீவுகளின் அரசு 2018-ல் இந்தப் புல்லைக் காக்கத் தனியாக ஒரு ஆணையே போட்டது. அதன் மேல் நங்கூரம் போடக் கூடாது.

அப்பா அந்த நார் உருண்டை ஒன்றைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பக்கம் ஆவுளியா மேயுமே, அந்தக் கடற்புல்லு மாதிரி" என்றார். அதே உறவுதான், ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் புல்லும் இதுவும். மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சின்ன வயதில் அந்தத் தீவுகளைக் கரையிலிருந்து பார்த்தே வளர்ந்தவர் அவர். "போனதில்ல. பாத்ததோட சரி" என்றார்.

மத்தியானம் துறைமுகம் பக்கத்தில் உள்ள பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் போனோம். உள்ளே மீன் தொட்டிகள். நல்ல இடம், குழந்தைகளோடு வருபவர்கள் தவறவிட வேண்டாம். நாங்கள் அதிக நேரம் நின்றது கலவா மீன் முன்னால். பெரிய வாய், தடித்த உதடு, யாரையும் சட்டைசெய்யாத பார்வை. இந்த இனம் பெண்ணாகவே வளர்ந்து, வயதான பிறகு சிலது ஆணாக மாறும். அதனால் பெரிய மீன்களையே பார்த்துப் பார்த்துப் பிடித்தால் ஆணே இல்லாமல் போய்விடும். மீன்பிடித்தலை நிறுத்திய கடலில்தான் இவை பெரிதாக முடியும்.

இன்று படகு வராததால்தான் எனக்கு இரவு அந்தக் கதையை அப்பாவிடம் சொல்லத் தோன்றியது. நாளை நேரில் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

1808 ஜூலை. நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் நுழைந்திருந்த நேரம். தெற்கே பைலேன் என்ற ஊரில் ஜெனரல் துப்போனின் படை தோற்றுச் சரணடைந்தது. கப்பலில் ஏற்றி பிரான்சுக்கு அனுப்புவோம் என்பது உடன்படிக்கை. அனுப்பவில்லை. காதிஸ் துறைமுகத்தில் பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களுக்குள் அடைத்தார்கள். அங்கே நோய் வந்து செத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1809 மே மாதம், மிச்சமிருந்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து கப்ரேராவில் இறக்கிவிட்டார்கள். சிறை கட்டவில்லை. கூரை கொடுக்கவில்லை. சுற்றிலும் கடல், ரோந்துக்குக் கப்பல். அவ்வளவுதான் சிறை.

நாலு நாளுக்கு ஒரு தடவை பால்மாவிலிருந்து ரொட்டிப் படகு வரும். ரொட்டியும், மொச்சை மாதிரி ஒரு பயறும் ஒரு கைப்பிடி. புயல் அடித்தால் படகு வராது. 1810-ல் அப்படிப் பல நாள் வராமல் போனபோது கையில் இருந்ததெல்லாம் தீர்ந்து, பல்லியும் எலியும் தின்று, சாமான் சுமக்க வைத்திருந்த ஒரே கழுதையையும் அடித்துத் தின்றார்கள். அப்போது செத்தவர்கள் ஏராளம்.

ஐந்து வருஷம் இப்படியே போனது. மொத்தம் 9,000 பேருக்கு மேல் அந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1814-ல் நெப்போலியன் பதவி இழந்த பிறகு கப்பல் வந்து கூட்டிப்போனபோது உயிரோடு இருந்தவர்கள் நாலாயிரம்கூட இல்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, காற்று குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

மூன்றாம் நாள்

குறைந்திருந்தது. கிளம்பிவிட்டோம்.

விசைப்படகு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. முதலில் வலதுபுறம் கொனியேரா, கூட்டத்தில் இரண்டாவது பெரிய தீவு. பெயருக்கு முயல் தீவு என்று அர்த்தம். கப்ரேரா என்றால் ஆட்டுத் தீவு. ரோமானிய எழுத்தாளர் பிளினியே கப்ராரியா என்று இதைக் குறிப்பிட்டு, கப்பல்களைக் கவிழ்க்கக் காத்திருக்கும் தீவு என்று எச்சரித்திருக்கிறார். நேற்றைய காற்றுக்குப் பிறகு அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

துறைமுகத்தின் வாயில் குறுகலானது. உள்ளே நுழைந்ததும் அலை சட்டென்று நின்றுவிடுகிறது. இடதோ வலதோ என்று திரும்புவதற்குள் தலைக்கு மேலே செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடற்கொள்ளையர்களைக் கண்காணிக்கக் கட்டியது. உள்ளே கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதில் வரிசையாக மிதவைகள். படகுகள் நங்கூரம் போடாமல் இந்த மிதவைகளில்தான் கட்ட வேண்டும். மொத்தம் 50. படகின் நீளத்துக்குத் தகுந்தபடி வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். முன்னதாகவே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பணம் எவ்வளவு வைத்திருந்தாலும் 51-ஆவது படகுக்கு இடம் கிடையாது. எனக்கு இந்த ஏற்பாடு மனசுக்கு ரொம்பப் பிடித்தது.

படகுத்துறையில் காலை வைத்ததும் அப்பா கீழே குனிந்துவிட்டார். மீன்கள். தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம், கையை விட்டால் பிடித்துவிடலாம்போலத் துறையின் நிழலில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. வாலடியில் கரும்புள்ளி வைத்த வெள்ளி மீன்கள் ஒரு கூட்டம். உடம்பு நெடுகத் தங்கக் கோடு போட்ட மீன்கள் இன்னொரு கூட்டம், அவை தலைகீழாக நின்று புல்லை மேய்கின்றன, ஆட்டு மந்தை மாதிரி. பொழுதுபோக்காக மீன் பிடிக்க இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. உரிமம் பெற்ற உள்ளூர்ச் சிறு மீனவர்கள் மட்டும், பழைய முறையில், குறிப்பிட்ட இடங்களில் பிடிக்கலாம். அப்பா நிமிர்ந்தபோது சொன்னது: "இதே தொறையிலதானே அவங்களும் நின்னிருப்பாங்க."

ஆமாம். இதே துறையில்தான்.

தங்குமிடத்தில் பையை வைத்துவிட்டுக் கோட்டைக்கு ஏறினோம். அரை மணி நேர ஏற்றம், அப்பாவுக்காக நின்று நின்று போனதில் முக்கால் மணி. பாதையோரம் பைன், காட்டு ஆலிவ், ரோஸ்மேரி. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எங்கிருந்தோ பல்லிகள் வந்துவிடுகின்றன. நம் ஊர் அரணை மாதிரி உடம்பு, கரும்பச்சையில் மினுமினுப்பு, வயிற்றில் நீலம். பயமே கிடையாது. அப்பாவின் செருப்பு மேல் ஏறி, பெருவிரலை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, தின்னத் தகுந்தது இல்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போனது ஒன்று. அது தொட்ட இடத்தை அவர் கொஞ்ச நேரம் அசைக்கவே இல்லை.

இந்தப் பல்லி ஒரு காலத்தில் மயோர்க்கா முழுக்க இருந்தது. மனிதர்கள் வந்தபோது கூடவே வந்த பிராணிகள் அங்கே அதை அழித்துவிட்டன. இப்போது கப்ரேராவிலும், மயோர்க்காவையும் பக்கத்துத் தீவான மெனோர்காவையும் சுற்றியுள்ள திட்டுகளிலும்தான் மிச்சம். ஒவ்வொரு திட்டிலும் ஒவ்வொரு மாதிரி, சில இடங்களில் முழுக் கறுப்பு. தேன் குடிக்கப் பூவுக்குப் பூ போய் மகரந்தமும் சேர்த்துவிடும். பூச்சி கிடைக்காத வறண்ட தீவில் பிழைக்கக் கற்றுக்கொண்ட வழி அது. இதற்குத் தீனி போடக் கூடாது என்பது விதி. கீழே ஒரு சிறுவன் பிஸ்கட்டை நீட்டியபோது அவன் பாட்டியே கையைத் தட்டிவிட்டார்.

கோட்டைக்குள் சுழல் படி, ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். சுவரில் கீறல்கள். பெயர்கள், வருஷங்கள், பாதி அழிந்த எழுத்துகள். கைதிகள் கீறியவையும் உண்டு, பின்னால் காவலுக்கு வந்த சிப்பாய்கள் கீறியவையும் உண்டு. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்காமல், விரலைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு படித்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது. எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

மேலே போனால் முழுத் துறைமுகமும் ஒரு உள்ளங்கைக்குள். தென்மேற்கு மூலையில் என்சியோலா கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை மாதிரி. அந்த உச்சியில் உட்கார்ந்துதான் அப்பா கேட்டார், "தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

அவர் இதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தீவில் நம்பக்கூடிய ஊற்று என்று ஒன்றுதான். கோடையில் நூல் மாதிரிதான் ஒழுகும். ராத்திரி பகல் என்று பாராமல் அதன் முன்னால் வரிசை நின்றது, சண்டை வராமல் இருக்கக் கைதிகளே காவல் போட்டார்கள். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். எழுதியது படகு டிக்கெட்டின் பின்பக்கம்.

"நூல் மாதிரின்னா, தாராளமாவே நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்னு வெச்சுக்க. மணிக்கு அறுபது. ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. நாலாயிரம் பேருன்னு வை." வகுத்தார். "ஆளுக்கு 360 மில்லி. குடிக்க, சமைக்க, புண்ணு கழுவ, எல்லாம் அதுக்குள்ள."

பிறகு மெதுவாகச் சொன்னார். எண்பதுகளில் ஒரு வறட்சி, எங்கள் மாவட்டத்தில் ஒரு கிராமம், லாரித் தண்ணீர் வர நேரமான ஒரு மத்தியானம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் நிழலுக்குப் போயிருந்தார்களாம். குடங்களே நின்றுகொண்டிருந்த அந்த வரிசையைப் பார்த்தபோது தனக்குத் தொண்டை அடைத்தது என்றார். "நான் போயி வால்வத் திறந்தா அவங்களுக்குத் தண்ணி. இவங்களுக்கு யாரு இருந்தா?" இதை அவர் இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

இறங்கி வந்து நினைவுத்தூணுக்குப் போனோம். 1847-ல் பிரெஞ்சுக் கடற்படையின் அணி ஒன்று இங்கே வந்தபோது, தீவில் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி ஓரிடத்தில் புதைத்து, மேலே இந்தக் கல்தூணை வைத்தார்கள். அணித் தலைவர் ழ்வான்வீல் இளவரசர், அன்றைய பிரெஞ்சு அரசரின் மகன். கப்ரேராவில் இறந்த பிரெஞ்சுக்காரர்களின் நினைவுக்கு என்று கல்லில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இல்லை. சுற்றிலும் பைன் ஊசிகள். யாரும் இல்லை.

எனக்கு அவர்களைப் பற்றிப் படித்ததில் மறக்க முடியாதது பசி மட்டுமல்ல. அந்த நிலைமையிலும் குடிசைகளைத் தெருவாகக் கட்டி, நடுவே சந்தைக்கு இடம் விட்டு, அதற்குப் பாரிஸில் உள்ள இடத்தின் பெயரையே பாலே ருவாயால் என்று வைத்தார்கள். அங்கே காசுக்குப் பதில் அந்தப் பயறுதான் செல்லும். மரத்தில் கரண்டி செதுக்கி மயோர்க்கா ஆட்களிடம் விற்றார்கள். தண்ணீர் இல்லாத பழைய தொட்டி ஒன்றுக்குள் நாடகம் போட்டார்கள். தண்ணீருக்காகக் கட்டிய தொட்டி, தண்ணீர் இல்லாமல் நாடக மேடையானது. கப்பல் வந்து கூட்டிப்போன அன்று தங்கள் குடிசைகளைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நான் மட்டும் சின்னக் கடற்கரையில் இறங்கி நீந்தினேன். முகமூடி போட்டுத் தலையை உள்ளே விட்டதும் நேற்று கரையில் பழுப்பாகக் கிடந்தது இங்கே பச்சையாக நிற்கிறது. காற்றில் நெல் சாய்வதுபோல மொத்த வயலும் ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்கிறது. ஒவ்வொரு இலை நுனியிலும் சின்னச் சின்ன நீர்க்குமிழி. நடுவே ஓரிடத்தில், ஒரு முழத்துக்கு மேல் உயரமாக, வாய் பிளந்த பெரிய சிப்பி ஒன்று செங்குத்தாக நின்றது. காலி ஓடு. 2016-லிருந்து ஒரு ஒட்டுண்ணி பரவி, மத்தியதரைக் கடலில் இந்தச் சிப்பி இனத்தையே ஏறக்குறைய துடைத்துவிட்டது. வேலி போட்டு, மிதவை எண்ணி, அனுமதிச் சீட்டு கொடுத்துக் காத்த இந்தக் கடலுக்குள்ளும் அது வந்துவிட்டது. கரைக்கு வந்த பிறகும் அந்தத் திறந்த ஓடுதான் கண்ணில் நிற்கிறது.

பகல் படகுகள் எல்லாம் போய்விட்டன. ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, நான் கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய். அப்பா ரொட்டித் துணுக்குகளை மேசையிலிருந்து கூட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். விளக்கு அணைந்ததும் வானம் இறங்கி வந்துவிட்டது, பால்வீதி கோட்டைக்கு மேலே கோடு இழுத்தமாதிரி. தூரத்துப் பாறைகளிலிருந்து குழந்தை அழுவதுபோல ஒரு சத்தம் வருகிறது. அது கடற்பறவை, பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வளைக்குத் திரும்பும். தெரிந்திருந்தும் முதல் தடவை கேட்டபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள்

காலையில் எஸ் செய்யேர் என்ற சின்ன அருங்காட்சியகம் வரை நடந்தோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீவு ஒரு குடும்பத்தின் கையில் இருந்தபோது திராட்சை பயிரிட்டு மது வைக்கக் கட்டிய கிடங்கு அது. திராட்சை நிலைக்கவில்லை. 1916-ல், உலகப் போர் நடுவே, ராணுவம் தீவை எடுத்துக்கொண்டது. எண்பதுகள் வரை இங்கே பீரங்கிப் பயிற்சி நடந்தது. அதை நிறுத்தச் சொல்லி, பூங்காவாக்கச் சொல்லி இயற்கை ஆர்வலர்கள் பல வருஷம் போராடினார்கள். ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராணுவம் உட்கார்ந்திருந்ததால்தான் மயோர்க்காக் கரையை மூடிய ஹோட்டல்கள் இங்கே ஒன்றுகூட எழவில்லை.

அதற்கும் வெகு முன்னால் இங்கே துறவிகள் இருந்திருக்கிறார்கள். 603-ல் போப் கிரிகோரி எழுதிய கடிதம் ஒன்றில், கப்ரேராத் துறவிகளின் நடத்தை சரியில்லை, விசாரிக்க வேண்டும் என்று வருகிறது.

திரும்பும் வழியில் மேலே கத்திபோல இரண்டு கருத்த இறக்கைகள். எலியோனோரா வல்லூறு. மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்தால், இது கோடை கழியும் நேரத்தில் பொரிக்கும். ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகள் கடலைத் தாண்டும் நேரம் அது, குஞ்சுகளுக்குத் தீனி தானாகவே வானத்தில் வரும். பிறகு இதுவும் கிளம்பி மடகாஸ்கர் வரை போய்விடும். சார்தீனியாத் தீவில் 14-ஆம் நூற்றாண்டில் அர்போரேயா என்ற நாட்டை ஆண்ட எலியோனோரா, தன் சட்டத்தொகுப்பிலேயே வல்லூறுக் கூடுகளைக் காக்க விதி வைத்தவர். பறவைக்கு அவர் பெயர்.

படகு பிற்பகலில் கிளம்பி, வழியில் நீலக்குகைக்குள் நுழைந்து நிற்கிறது. சூரியன் மேற்கே சாயும்போதுதான் வெளிச்சம் உள்ளே சரியாக விழும். வெளிச்சம் மேலிருந்து வருவதில்லை, தண்ணீருக்கு அடியிலிருந்து எழுகிறது. குகையின் கூரையில் நீலம் நெளிகிறது. எல்லோரும் குதித்தார்கள், நானும்தான். அப்பா படகின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டிருந்தார். தண்ணீருக்குள் அவர் பாதம் இரண்டும் நீலமாக ஒளிர்ந்தன.

இப்போது கொலோனியாவில் எழுதுகிறேன். நாளை ராத்திரி கப்பல். நான்கு நாளில் அப்பா நூற்றுக்கு மேல் படம் எடுத்திருப்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த நினைவுத்தூண். கீழே ஒரு வரி: "5 வருஷம். ஆளுக்கு 360 மில்லி தண்ணி." ஊரில் நடுராத்திரி தாண்டியும் தூங்காமல் இருந்த அத்தை உடனே கேட்டிருக்கிறார், "என்னண்ணே இது, எந்தக் கோயில்?" அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒற்றை விரலால் பதில் தட்டிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரமாகத் தட்டுகிறார். விளக்கை இன்னும் அணைக்கவில்லை.